தாத்தா படித்த கல்லூரி

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கூடுவாஞ்சேரியில் கூட்டம் சேரும் இடங்களில் இ-சேவை மையமும் ஒன்று. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றோடு அங்கே பல குடும்பங்கள் கேட்டு வாங்குவது முதல் பட்டதாரி சான்றிதழ். அதற்கான உறுதிமொழியில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் வரிசையாக வந்து நிற்கிறது. அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று எழுத வேண்டும். எட்டாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, பள்ளிக்குப் போகவில்லை என்று நிரம்பும் அந்தக் கட்டங்களில் ஒரு இடத்தில்கூட பட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் சான்றிதழ் கிடையாது. வேறு எந்த இடத்திலும் சொல்லக் கூச்சப்படும் ஒரு குடும்ப வரலாறு, இந்த ஒரு தாளில் மட்டும் பிள்ளைக்குத் தகுதியாக மாறுகிறது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவரும் குடும்பத்தின் படிப்பைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும். அப்பா எந்தக் கல்லூரி, அம்மா எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு பட்டம் என்ற கேள்விகள் அங்கும் உண்டு. ஆனால் பலன் கிடைக்கும் திசை வேறு. விண்ணப்பிக்கிற அதே பல்கலைக்கழகத்தில் அப்பாவோ அம்மாவோ படித்திருந்தால் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு பல இடங்களில் கூடும். அதற்கு அங்கே 'லெகசி' என்று பெயர். வழிவழியாகக் கைமாறும் சொத்து என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இந்த இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கல்லூரி இடம் என்பது யாருக்குச் சேர வேண்டியது என்பதில் இரண்டு சமூகங்கள் எடுத்த எதிரெதிரான முடிவுகள் தெரியும். தமிழ்நாடு எடுத்த முடிவுதான் சரி என்பது என் வாதம். அந்த முடிவு நல்ல மனதால் மட்டும் நிலைத்துவிடவில்லை, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒரு தரவரிசைப் பட்டியலால் நிலைத்திருக்கிறது என்பது அதன் மறுபாதி. இந்த இரண்டாவது பாதியை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

முதலில் அமெரிக்கக் கதை. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்றதும் நூற்றாண்டுகள் பழமையான மரபு என்று தோன்றும். அது 1920களில் வந்த ஏற்பாடு. அதற்கு முன்பு அந்தக் கல்லூரிகள் பெரும்பாலும் நுழைவுத் தேர்வை வைத்தே மாணவர்களைச் சேர்த்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தத் தேர்வில் வரிசையாகத் தேறி வரத் தொடங்கினார்கள். ஹார்வர்டில் 1922 வாக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். பழைய குடும்பங்கள் கலங்கின. மதிப்பெண்ணோடு குணநலன், குடும்பப் பின்னணி, நேர்காணல், புகைப்படம் எல்லாம் விண்ணப்பத்துக்குள் வந்தது அப்போதுதான். டார்ட்மவுத் கல்லூரி 1922இல் பழைய மாணவர்களின் மகன்களுக்கு வெளிப்படையாக முன்னுரிமை அறிவித்தது. யேல் 1925 வாக்கில் அதே வழிக்கு வந்தது. இதை விரிவாக ஆராய்ந்து ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் 2005இல் ஒரு பெரிய நூல் எழுதினார். படித்து மேலே வரும் புதியவர்களைத் தடுக்க வேண்டும், ஆனால் தடுப்பதாகச் சொல்லக் கூடாது. அந்தத் தேவைக்குப் பிறந்த முறை இது. நம் ஊர் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாட்டன் பெயர் கேட்டு வாசலில் நிறுத்தும் வழக்கத்தை நாமும் வேறு பெயர்களில் நிறையவே பார்த்திருக்கிறோம்.

இந்த முன்னுரிமை எவ்வளவு எடை தாங்குகிறது என்பது நெடுங்காலம் கல்லூரிகளின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து 2014இல் தொடுக்கப்பட்ட வழக்குதான் அதை வெளியே கொண்டுவந்தது. இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்த வழக்கு அது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை ரத்து செய்தது. வழக்கின் போக்கில் நீதிமன்றத்துக்கு வந்த புள்ளிவிவரங்களோ வேறொன்றையும் சொல்லின. பழைய மாணவரின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் மூவரில் ஒருவருக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆவணங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2019இல் இன்னொரு கணக்கைத் தந்தார்கள். சேர்ந்த வெள்ளை இன மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளை, கல்லூரி நிர்வாகம் தனியே குறித்துவைத்த பட்டியலில் இருப்பவர், ஊழியரின் பிள்ளை ஆகிய நான்கு வகைகளில் ஒன்றில் வருகிறார்கள். அந்தச் சலுகை இல்லாவிட்டால் அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு இடம் கிடைத்திருக்காது. இனத்தைப் பார்ப்பதை நீதிமன்றம் தடுத்தது, பெற்றோரைப் பார்ப்பது அப்படியே தொடர்ந்தது. அடுத்த மாதமே ஹார்வர்டின் லெகசி முறையை எதிர்த்து அரசிடம் புகார் போனதில் வியப்பில்லை.

இந்த முறையை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது, அந்தப் பிள்ளைகள் இயல்பாகவே நன்றாகப் படிக்கிறவர்கள் என்பது. படித்த பெற்றோர், வீடு நிறையப் புத்தகம், நல்ல பள்ளி. ஆகவே அவர்கள் அதிகம் தேறுவது சலுகையால் அல்ல, தகுதியால் என்பார்கள். இதைத் தள்ளிவிட முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது. ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு போன்ற பன்னிரண்டு பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு, ஒரே தேர்வு மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டார்கள். அப்போதும், மிகப் பணக்கார ஒரு விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. விண்ணப்பித்தவர்களைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் இடைவெளியில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் லெகசி. ஆய்வின் மிகக் கூர்மையான இடம் இதற்கு அடுத்துதான். அப்பா படித்த பல்கலைக்கழகத்தில் பெரும் சலுகை பெறும் அதே பிள்ளை, அதே தரத்தில் இருக்கும் வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் மற்றவர்களைப் போலத்தான் நடத்தப்படுகிறார். தகுதிதான் காரணம் என்றால் அந்தத் தகுதி எல்லா வாசலிலும் செல்லுபடியாக வேண்டும். ஒரே ஒரு வாசலில் மட்டும் செல்லும் தகுதிக்கு உறவு என்றுதான் பெயர்.

அடுத்த வாதம் பணம். பழைய மாணவர்கள் அள்ளித் தருகிறார்கள், அந்தப் பணத்தில்தான் ஏழை மாணவருக்கு உதவித்தொகை தரப்படுகிறது, பிள்ளைக்கு இடம் இல்லை என்றால் தருகிற கை மூடிக்கொள்ளும் என்கிறார்கள். இதற்குப் பதில் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏழு நிறுத்தம் தாண்டி கிண்டியில் இறங்கினால் சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கே இளநிலைப் பொறியியலில் சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசைதான் உதவும், எந்தக் குடும்பப் பெயரும் உதவாது. அப்படிப்பட்ட நிறுவனம் 2023-24 நிதியாண்டில் பழைய மாணவர்களிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் 513 கோடி ரூபாய் திரட்டியது. 2024 ஆகஸ்டில், 1970இல் அங்கே எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி ரூபாய் கொடுத்தார். அவர் பெயரில் ஒரு கட்டடத் தொகுதி இருக்கிறது. அவர் குடும்பத்துக்கென்று ஒரு இருக்கை கிடையாது. அமெரிக்காவிலும் எம்.ஐ.டி. லெகசி பார்ப்பதில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014 முதல் சத்தமில்லாமல் இந்த முன்னுரிமையைக் கைவிட்டுவிட்டு 2020இல்தான் அதை அறிவித்தது. 2009இல் புதிய மாணவர்களில் 12.5 விழுக்காடாக இருந்த பழைய மாணவரின் பிள்ளைகள் 2019இல் 3.5 விழுக்காடாகக் குறைந்தார்கள். அதே காலத்தில் அரசின் ஏழை மாணவர் உதவித்தொகைக்குத் தகுதியானவர்கள் 9 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காடாகக் கூடினார்கள். பல்கலைக்கழகம் நொடித்துப் போய்விடவில்லை. படித்த இடத்தின் மீது நன்றி உள்ளவர் பிரதிபலன் இல்லாமலும் தருவார். பிரதிபலன் இருந்தால்தான் தருவேன் என்பவர் தருவது நன்கொடை இல்லை. அதற்கு நம் ஊரில் 'டொனேஷன்' என்ற தனிச் சொல்லே இருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் மனதைத் தொடுவது. பள்ளியும் கல்லூரியும் வெறும் கட்டடமல்ல, தலைமுறைகளைச் சேர்த்துக் கட்டும் உறவு என்பது அது. இந்த உணர்வை யாழ்ப்பாணத்தார் அளவுக்கு வளர்த்த தமிழர்கள் குறைவு. யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆண்டுதோறும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட்டுக்கு நரைத்த தலைகள் கொடி பிடித்து வருவதும், இலண்டனிலும் டொராண்டோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் கூடி ஊர்ப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்புவதும் பொய்யான அன்பினால் நடப்பவை அல்ல. ஆனால் அந்த அன்பை இடமாக மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இலங்கையிலேயே பார்க்கலாம். அங்கே அரசுப் பள்ளிகளில் முதலாம் வகுப்புச் சேர்க்கைக்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை விகிதம் வகுத்திருக்கிறது. பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு 50 விழுக்காடு, பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைகளுக்கு 15 விழுக்காடு, மிச்சம் பிற வகைகளுக்கு. பெற்றோர் அந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தார், அங்கே என்ன சாதித்தார் என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் கல்வி இலவசமாக இருக்கும் நாடு அது. கட்டணம் இல்லை, எல்லாச் செலவும் மக்களின் வரிப்பணம். அப்படிப்பட்ட பள்ளியிலும் கால்வாசி இடங்கள், தாய் தகப்பன் எங்கே படித்தார்கள் என்பதால் முடிவாகின்றன. மலையகத்திலிருந்து பிழைக்கக் கொழும்பு வந்த ஒரு தொழிலாளியின் ஐந்து வயது மகளுக்கு அந்தக் கால்வாசியில் ஒரு இடத்துக்குக்கூடப் போட்டியிடும் உரிமை இல்லை. அவள் செய்த பிழை எதுவும் இல்லை.

சிங்கப்பூரிலும் தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு முந்திய ஒரு கட்டம் உண்டு. அந்த வரிசை முடிந்து வரும்போது பெயர்பெற்ற பள்ளிகளில் இடமே மிஞ்சுவதில்லை என்ற குறை வளர்ந்து, 2014 முதல் ஒவ்வொரு பள்ளியும் தொடர்பு இல்லாதவர்களுக்கும் சேர்த்து 40 இடங்களை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அரசு விதித்தது. 2022இல் அது 60 ஆனது. இந்தியாவில் இதற்கு நேரான உதாரணம் தில்லி. அங்கே தனியார் பள்ளிகளின் நர்சரி சேர்க்கைக்காக 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் வகுத்த நூறு புள்ளியில் அருகில் குடியிருப்பதற்கு 70, அண்ணனோ அக்காவோ படித்தால் 20, பெற்றோர் பழைய மாணவர் என்றால் 5, வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தால் 5. இந்த வழிகாட்டுதலை தில்லி உயர் நீதிமன்றம் 2014இல் ரத்து செய்தது. பழைய மாணவருக்கான புள்ளி மட்டும் பல பள்ளிகளின் சொந்த விதிகளில் இன்றும் இருக்கிறது. ஐந்து புள்ளி சின்ன எண் என்று தோன்றலாம். ஒரு பள்ளியைச் சுற்றிக் குடியிருக்கும் ஆயிரம் குடும்பங்களுக்கும் 70 கிடைக்கும்போது, அவர்களில் அண்ணனோ அக்காவோ அங்கே படிக்காத பிள்ளைகளைப் பிரிப்பது பெரும்பாலும் அந்த ஐந்துதான். போட்டி நெருக்கமாக இருக்கும் இடத்தில் சிறிய சலுகை என்று ஒன்று கிடையாது. பொறியியல் கலந்தாய்வில் அரை மதிப்பெண் கட்-ஆஃப் குறைந்ததால் விரும்பிய கல்லூரி கைநழுவிப் போன வீடுகள் ஊரப்பாக்கத்திலும் நந்திவரத்திலும் தெருவுக்கு நாலு உண்டு. அவர்களிடம் ஐந்து புள்ளி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு இந்தப் பாதையில் போகாததற்கு நம் முன்னோர் எல்லோரும் நியாயவான்களாக இருந்தது காரணமில்லை. இங்கும் ஒரு காலத்தில் நேர்காணல் இருந்தது. 1970-71இல் மருத்துவக் கல்லூரிகளுக்கு நடந்த தேர்வில் நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண். கல்லூரிகளைப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேர்வுக் குழு. பெரியகருப்பன் என்பவரும் மற்ற மாணவர்களும் தொடுத்த வழக்கில், அப்படிப் பிரித்துத் தேர்ந்தெடுத்தது சமத்துவத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முகம் பார்த்து, பேச்சுக் கேட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து மதிப்பெண் போடும் இடத்தில்தான் சிபாரிசு உட்கார நாற்காலி கிடைக்கிறது. பிறகு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 1990களின் பிற்பகுதியில் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007இல் நுழைவுத் தேர்வும் நீங்கி, மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணே கட்-ஆஃப் ஆனது. இன்று கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்கு ஒரு எண் கிடைக்கும். யாருக்கு எந்த இடம் என்பது அந்த எண்ணாலும் சட்டப்படியான இட ஒதுக்கீட்டாலும் முடிவாகிறது. இரண்டு பேர் எல்லா விதத்திலும் சமமாக நின்றால் யார் முன்னே என்று தீர்க்க, விண்ணப்பப் பதிவு முடிந்ததுமே ஒவ்வொருவருக்கும் கணினி ஒரு எண்ணை வழங்கி வைத்திருக்கிறது. அதற்குத் தமிழில் சமவாய்ப்பு எண் என்று பெயர். கடைசி முடிச்சைக்கூட யார் மகன், யார் மகள் என்று கேட்டு அவிழ்க்காமல் குலுக்கலிடம் விடுகிற முறை இது. இவ்வளவு அழகான அரசாங்கச் சொற்கள் நமக்கு அதிகம் வாய்த்ததில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும், எழவும் வேண்டும். பிறப்பைப் பார்ப்பது தவறு என்றால், முதல் பட்டதாரி சலுகையும் பிறப்பைத்தானே பார்க்கிறது? தாத்தா பட்டதாரி என்பதற்காக இடம் தருவது அநியாயம் என்றால், தாத்தா பட்டதாரி இல்லை என்பதற்காகச் சலுகை தருவது மட்டும் எப்படி நியாயமாகும்? இரண்டுக்கும் நடுவில் இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. ஒன்று, இந்தச் சலுகை யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிக்கு, சாதி, வருமானம் எதையும் பார்க்காமல் கல்விக் கட்டணத்தில் அரசு கைகொடுக்கிறது. தரவரிசையில் அது ஒரு படிகூட மேலே ஏற்றாது. இரண்டாவது, லெகசி ஏற்கெனவே கிடைத்த ஒன்றை மறுபடியும் கொடுக்கிறது. பட்டதாரிப் பெற்றோர் உள்ள வீட்டில் எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி, விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுவது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. மற்ற வீட்டில் பக்கத்து வீட்டு அண்ணனைத் தேடிப் போக வேண்டும், அல்லது பிரவுசிங் சென்டர்காரர் சொல்வதை நம்ப வேண்டும். முதல் பட்டதாரி சலுகை அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டப் பார்க்கிறது. அதில் ஓட்டைகள் இல்லாமலில்லை. படிக்காமலே செல்வம் சேர்த்த குடும்பத்துக்கு அது கிடைக்கும், அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்துக் கடையில் கணக்கு எழுதுகிறவரின் மகளுக்குக் கிடைக்காது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால், மூத்தவன் வாங்கிவிட்டால் இளையவள் வெறுங்கையோடு நிற்கிறாள். வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி இந்தத் திட்டத்தைத் திருத்த வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் திருத்த வேண்டிய ஒன்றை, ஒழிக்க வேண்டிய ஒன்றோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இதைவிடக் கனமான இன்னொரு வாதம் உண்டு. பட்டியல் பெயரைக் கேட்காவிட்டாலும் பணத்தைக் கேட்கிறதே என்பது. உண்மை. கட்-ஆஃப் எண்ணுக்குள் டியூஷன் இருக்கிறது, நல்ல பள்ளி இருக்கிறது, படிக்கத் தனி அறை இருக்கிறது. நீட் வந்த பிறகு தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் முதல் பட்டதாரிகளின் பங்கு குறைந்ததையும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதிச் சேர்பவர்கள் பெருகியதையும் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் எடுத்துக்காட்டியது. ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் உட்கார வைத்துப் பயிற்சி மையத்துக்கு லட்சங்கள் கட்டக்கூடிய குடும்பத்துக்கு அந்தத் தேர்வு வளைந்து கொடுக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலான படிப்புகளிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது இந்தச் சாய்வை நேர் செய்யத்தான். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவத்துக்கான ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது. ஆகவே பட்டியல் தூய்மையானது என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் சாய்வு இருந்தால் அதை எண்ணிக் காட்ட முடிகிறது, வழக்குப் போட முடிகிறது, சட்டம் போட்டு நிமிர்த்த முடிகிறது என்றுதான் சொல்கிறேன். ராஜன் குழுவால் அந்தக் கணக்கைப் போட முடிந்ததே பட்டியல் என்ற ஒன்று இருந்ததால்தான். ஹார்வர்டின் கணக்கு வெளியே வர ஒரு பெரிய வழக்கு தேவைப்பட்டது.

பட்டியல் இல்லாத இடம் நம் பக்கத்திலேயும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒரு பயணம் போனால், தமிழ்நாட்டு உயர்கல்வியின் எல்லா வகையும் ஜன்னல் வழியே தெரிந்துவிடும். 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, வண்டலூரில் கிரசென்ட், பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. கேளம்பாக்கம் பக்கம் திரும்பினால் வி.ஐ.டி. இவற்றில் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் கலந்தாய்வில் சேரும் பொறியியல் கல்லூரிகளுக்கும் பொதுப் பட்டியல் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. தனியார் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுமைக்குமான கலந்தாய்வு என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டியலைத் தானே போடுகிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் 35 விழுக்காடும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 விழுக்காடும் நிர்வாக ஒதுக்கீடு. நன்கொடை வசூலிப்பதை 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் 'மேனேஜ்மென்ட் கோட்டா' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் அடுத்துக் கேட்பது 'அங்கே உங்களுக்கு ஆள் தெரியுமா?' என்பதுதான். எந்தக் கல்லூரியையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது தெரியாத இடத்தில், நேர்மையாக நடக்கும் கல்லூரியாலும் தன் நேர்மையை நிரூபிக்க முடியாமல் போகிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த அளவுகோலில் சேர்த்தார்கள், சேர்ந்தவர்களில் பழைய மாணவர், ஊழியர், நிர்வாகிகள் ஆகியோரின் பிள்ளைகள் எத்தனை பேர், முதல் பட்டதாரிகள் எத்தனை பேர் என்ற நான்கு விவரங்களை ஒவ்வொரு தனியார் கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று விதித்தால் போதும். யாருடைய உரிமையும் பறிபோகாது.

இதை இப்போதே கேட்க ஒரு காரணம் இருக்கிறது. நாட்டின் சில தனியார் பல்கலைக்கழகங்கள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் கட்டணத்தில் சலுகை தரத் தொடங்கிவிட்டன. இடத்தில் அல்ல, கட்டணத்தில் மட்டும்தான் என்று சமாதானம் சொல்லலாம். வீட்டில் ஒருவரும் பட்டம் வாங்காத பிள்ளைக்கு அரசு எதைத் தருகிறதோ, அதையே வீட்டில் ஒருவர் ஏற்கெனவே பட்டம் வாங்கிய பிள்ளைக்கு இவர்கள் தருகிறார்கள். இப்படிப்பட்ட சலுகைகள் வளரும் விதம் இதுதான்: முதலில் ஒரு மரியாதை, பிறகு ஒரு வழக்கம், பிறகு ஒரு உரிமை. உரிமை என்று ஆனபின் விட்டுக்கொடுக்க மனம் வராது. கலிஃபோர்னியா 2024இல் தனியார் பல்கலைக்கழகங்களிலும் லெகசியைத் தடை செய்து சட்டம் இயற்றியபோது, மாநில அரசின் மாணவர் உதவிப் பணத்தை விட்டாலும் விடுவோம், இந்த முன்னுரிமையை விடமாட்டோம் என்று அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு முடிவெடுத்தது.

உயர்கல்வியில் சேரும் வயதினரில் நூற்றுக்கு 47 பேர் படிக்கும் மாநிலமாகத் தமிழ்நாடு இருப்பதை 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28தான். அந்த 47இல் வீட்டில் முதலில் பட்டம் வாங்குபவர்களும் பலர். 2010இல் முதல் பட்டதாரி சான்றிதழோடு பொறியியல் சேர்ந்தவருக்கு இப்போது முப்பதுக்கு மேல் வயது. மறைமலை நகரிலோ மகேந்திரா சிட்டியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ வேலை, கூடுவாஞ்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதத் தவணை, குழந்தை எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ. அவர் இப்போது ஒரு கல்லூரியின் பழைய மாணவர். வாட்ஸாப்பில் வகுப்புக் குழு இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை கல்லூரியிலிருந்து அழைப்பு வருகிறது, பெயர் சொன்னால் அடையாளம் காணும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இன்னும் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகளில் அந்தக் குழந்தை பிளஸ் டூ முடிக்கும்போது, அப்பா படித்த கல்லூரியில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமே என்ற எண்ணம் வீட்டுக்குள் வந்தே தீரும். பெற்ற மனம் அப்படித்தான். அப்போது இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி வரிசையில் அந்தக் குடும்பம் நிற்காது, நிற்கவும் தேவையில்லை. அந்த வரிசையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்து ஊரப்பாக்கத்தில் தங்கிவிட்டவரின் மகள் நிற்கலாம், கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் துப்புரவு வேலை பார்ப்பவரின் மகன் நிற்கலாம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கலந்தாய்வில், 200க்கு ஒரு எண்ணோடும் ஆளுக்கொரு சமவாய்ப்பு எண்ணோடும், தங்கள் முறை வரக் காத்திருப்பார்கள்.